தோட்டப்புற வீட்டிலிருந்தே பக்கவாத மறுவாழ்வுப் பயிற்சி: தொலைவழிச் சிகிச்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து, பெரிய மருத்துவமனை இருக்கும் ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துபோன ஒருவரைச் செம்பனைத் தோட்டத்து மண்சாலையிலிருந்து காரில் ஏற்றி, மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் இறக்கி, சிறிது நேரப் பயிற்சி முடிந்ததும் திரும்ப அழைத்து வருவதற்குள் ஒரு பகல் முழுவதும் போய்விடுகிறது. கூடவே மகனுடைய ஒரு நாள் சம்பளமும் போய்விடுகிறது. முதலில் ஒழுங்காகப் போய் வருகிறவர்கள் பிறகு ஒரு வாரம் தவறவிட்டு, அடுத்த வாரமும் தவறவிட்டு, மெல்ல நிறுத்திவிடுவதற்கு அலட்சியத்தைக் காட்டிலும் இந்தக் கணக்கே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு உடல் மிக வேகமாகத் தேறும் காலம் முதல் மூன்று மாதங்கள் என்பதால், இப்படி விட்டுப்போகும் வாரங்கள் விலை மிகுந்தவை.

தொலைவழி மறுவாழ்வு என்பது சிகிச்சையாளர் கைப்பேசியின் காணொளி வழியாக நோயாளியைப் பார்த்து, மதிப்பிட்டு, பயிற்சிகளை வகுத்துக் கொடுத்து, வீட்டார் துணையோடு அவர் அவற்றைச் செய்வதைத் தொடர்ந்து கண்காணித்துத் திருத்தும் முறையாகும். அமெரிக்காவில் 11 மையங்களில் 124 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஆய்வில், கை பலவீனத்துக்காக வீட்டில் தொலைவழியாகப் பயின்றவர்களும் மருத்துவமனைக்கு நேரில் சென்று பயின்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினர். இரு சாராருக்கும் 70 நிமிடங்கள் கொண்ட 36 அமர்வுகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் பாதி சிகிச்சையாளரின் மேற்பார்வையிலும் மறு பாதி தாமாகவும் நடந்தன. இதற்கு மாறான ஒரு முடிவும் நம் கவனத்துக்கு உரியது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் அவர்களைச் செய்ய வைத்தபோது, ஆறு மாத முடிவில் வழக்கமான பராமரிப்பைவிடக் கூடுதலான பலன் கிடைக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் செய்வதில் குறையில்லை, பழகிய கண் ஒன்று தொடர்ந்து பார்த்துத் திருத்தாமல் வீட்டாரிடம் மட்டும் விட்டுவிடுவதே போதாமல் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியைச் சிகிச்சையாளருக்குப் பதிலாகக் கொள்ளாமல், அவரோடு சேர்ந்து வேலை செய்வதற்கான ஆயத்தமாகக் கொள்ளவேண்டும்.

1. வார்டை விட்டுப் புறப்படுமுன்

வீட்டுப் பயிற்சியின் பாதி வெற்றி மருத்துவமனைக் கட்டிலருகிலேயே முடிவாகிவிடுகிறது. எந்த வகைப் பக்கவாதம், எந்தப் பக்கம் பாதிக்கப்பட்டது, என்னென்ன மருந்துகள் என்பவை அடங்கிய வெளியேற்றக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதோடு, இரத்த அழுத்தம் எந்த அளவுக்கு மேல் அல்லது கீழ் இருந்தால் அன்று பயிற்சி செய்யக்கூடாது என்பதை டாக்டரிடம் கேட்டு எண்ணாக எழுதி வாங்குங்கள்; "கொஞ்சம் கூடினால் நிறுத்துங்கள்" என்ற வாய்மொழி வீட்டில் உதவாது. உணவு எந்தப் பதத்தில் இருக்கவேண்டும், தண்ணீரை அப்படியே குடிக்கலாமா கெட்டியாக்கிக் கொடுக்கவேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் தளர்ந்த கையைத் தாங்கிப் பிடிப்பதையும் சிகிச்சையாளர் செய்து காட்டும்போது, அவருடைய அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அவர் முன்னிலையில் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். பார்த்ததும் செய்ததும் ஒன்றல்ல என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அந்தப் பிரிவு காணொளி வழித் தொடர்சிகிச்சை தருகிறதா என்று கேட்டு, தராவிட்டால் அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளின் குழுவினர் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையும் உண்டு. வீட்டில் பராமரிப்பவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. தொடர்ந்து சாப்பிடும் மருந்துகளை அஞ்சல் வழி அனுப்பும் ஏற்பாட்டைப் பற்றி மருந்தகத்தில் விசாரித்தால் மாதாமாதம் ஒரு பயணம் மிச்சமாகும். தனியார் சிகிச்சையாளரை அமர்த்துவதாக இருந்தால், 2016ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழில்துறைச் சட்டத்தின் கீழ் அவர் பதிவு பெற்றவரா என்பதை முதலில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்புகிற எல்லாரும் சிகிச்சையாளர்கள் அல்லர்.

2. எப்போது பயிற்சி செய்யக்கூடாது

முகம் ஒரு பக்கம் கோணுதல், கை திடீரென்று மேலும் தளருதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த காணொளி அழைப்புக்காகக் காத்திருக்கவேண்டாம். உடனே 999ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும், அதற்கும் எல்லாருக்கும் தகுதி இருப்பதில்லை. தோட்டத்திலிருந்து பட்டணம் வரும் நேரமும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், புதிதாக வந்த கடுமையான தலைவலி, காய்ச்சல், வலியோடு வீங்கிய கெண்டைக்கால் ஆகியவை இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டவேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பார்ப்பது நல்லது. லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகுதான் மற்றவை.

3. வீட்டை ஆயத்தம் செய்தல்

பழைய லயத்து வீடானாலும் புதிய தாமான் வீடானாலும் ஆபத்து மிகுந்த இடம் குளியலறைதான். ஈரத்தரை, வாசற்படியின் உயரம், குந்தி உட்காரும் கழிவறை ஆகிய மூன்றும் சேர்ந்து பல விழுதல்களுக்குக் காரணமாகின்றன. கழிவறைக்கு மேலே வைத்துப் பயன்படுத்தும் துளை நாற்காலி ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் பெறுங்கள். குளிக்க, வழுக்காத கால்கள் கொண்ட பிளாஸ்டிக் நாற்காலி போதும். சுவரில் பிடிப்புக் கம்பியைப் பட்டணத்து வெல்டிங் கடையில் செய்யச் சொல்லலாம்; ஆனால் எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் என்பதைக் காணொளியில் சிகிச்சையாளருக்குக் காட்டிக் கேட்டபிறகே துளை போடுங்கள். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது என்பதால், குளிக்கும் நீரை எப்போதும் நல்ல கையாலோ வேறொருவரோ தொட்டுப் பார்க்கவேண்டும்.

கூடத்தில் கால் தடுக்கும் பாய், கம்பளம், மின்விசிறியின் கம்பி ஆகியவற்றை அகற்றுங்கள். கட்டில் உயரம், உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும்படி இருக்கவேண்டும். தரையில் மெத்தை விரித்துப் படுக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் இந்த ஒன்றை மட்டுமாவது மாற்றுங்கள், ஏனெனில் தரையிலிருந்து ஒருவரைத் தூக்குவது பராமரிப்பவரின் முதுகையும் நோயாளியின் தோளையும் ஒருசேரக் கெடுத்துவிடும்.

4. கைப்பேசியும் இணைப்பும்

வீட்டில் எந்த மூலையில் அலைவரிசை நன்றாக வருகிறது என்பதைப் பயிற்சி நேரத்திலேயே சோதித்துப் பாருங்கள். தோட்டப்புறங்களில் காலையில் நன்றாக இருக்கும் இணைப்பு மாலை மழையோடு தளர்ந்துவிடக்கூடும். வாசல் பக்கம்தான் இணைப்பு வருமென்றால் பயிற்சி இடத்தை அங்கே அமையுங்கள்.

கைப்பேசியை யாரும் கையில் பிடித்திருக்கவேண்டாம். பிடிப்பவருடைய கை நோயாளிக்குத்தான் தேவைப்படும். முக்காலி இல்லாவிட்டால் மேசைமேல் மைலோ டின்னில் சாய்த்து, இடுப்பு உயரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். தலை முதல் பாதம் வரை திரையில் விழவேண்டும். வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து வரட்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கருநிழல்தான் தெரியும். நடையைப் பார்க்க ஒரு முறை முன்னிருந்தும் ஒரு முறை பக்கவாட்டிலிருந்தும் காட்டவேண்டியிருக்கும். இணைப்பு அறுந்தால் சாதாரண அழைப்பில் தொடர்வதற்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நேரடிக் காணொளிக்கு வழியே இல்லாத இடங்களில், பயிற்சியைச் சிறு துண்டுகளாகப் பதிவு செய்து, பட்டணம் வரும்போது அனுப்பிச் சிகிச்சையாளரின் திருத்தத்தைப் பெறுவதும் ஏற்கத்தக்க முறையே.

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள் அதே அழைப்பில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் அழைப்பில் பேசுகிறவர் ஒருவராகவும், நோயாளியின் பக்கத்தில் நிற்கிறவர் ஒருவராகவும் முடிவு செய்துகொள்ளாவிட்டால், குடும்பக் கூட்டமாகிச் சிகிச்சை நேரம் கரைந்துவிடும்.

5. முதல் அழைப்பும் இலக்குகளும்

முதல் அழைப்பில் பயிற்சியைவிட மதிப்பீடே மிகுதியாக இருக்கும். உட்கார்ந்து நிலைகொள்ளும் திறன், எழுந்து நிற்றல், கை எவ்வளவு உயரும், விரல்கள் திறக்கின்றனவா, பேச்சு, பார்வை ஆகியவற்றைச் சிகிச்சையாளர் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பார். அவர் மலாயில் பேசக்கூடும். நோயாளிக்குத் தமிழே எளிதென்றால், உடனிருப்பவர் ஒவ்வொரு கட்டளையையும் குறுகிய வாக்கியமாகத் தமிழில் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு மகள் பதில் சொல்வதும், அவர் கையைத் தூக்க முயலும்போது அவசரப்பட்டுத் தூக்கிவிடுவதும் அன்பால் செய்யும் காரியங்கள்தான். ஆனால் சிகிச்சையாளர் அப்போது பார்ப்பது மகளின் திறனைத்தான்.

"பழையபடி ஆகவேண்டும்" என்பதை யாரும் அளக்க முடியாது. துணையின்றிக் கழிவறைக்குப் போய் வருவது, சோற்றைத் தானே பிசைந்து உண்பது, கைலியைத் தானே கட்டிக்கொள்வது, தைப்பூசத்துக்குள் கோயில் வாசல்வரை நடப்பது போன்றவை அளக்கக்கூடியவை. இலக்கை நோயாளியே சொல்லட்டும், அது வீட்டாருக்கு அற்பமாகத் தோன்றினாலும்.

6. அன்றாடப் பயிற்சி

மூளை பழகிக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். வாரத்துக்கு ஓரிரு முறை வரும் காணொளி அழைப்பு திசை காட்டும்; வேலை நடப்பது அந்த அழைப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களில். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) எழுந்து பழகிய தோட்டத்து உடம்புகளுக்குக் காலைப்பொழுதே உகந்தது, வெயில் ஏறுமுன் முதல் அமர்வை முடித்துவிடலாம். பக்கவாதத்துக்குப் பின் வரும் சோர்வு உண்மையான நோய்க்கூறு. அதைச் சோம்பல் என்று பழிக்காமல், நீண்ட ஓர் அமர்வைக் குறுகிய பல அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து எழுவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சக்கரமில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே தரையில் பதிந்திருக்க, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை உடலை முன்னே சாய்த்து எழச் சொல்லுங்கள். பலரும் நிமிர்ந்தபடியே எழ முயன்று பின்னால் விழுகிறார்கள். உடனிருப்பவர் தளர்ந்த பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்கவேண்டும். எக்காரணம் கொண்டும் தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. இரு கால்களிலும் எடை சமமாக இறங்குகிறதா என்பதை வீட்டார் கண்ணால் மதிப்பிடுவது கடினம், சிகிச்சையாளர் திரையில் பார்ப்பது முக்கியமாக இதைத்தான்.

தோளைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் வீடுகளில் மிகுதியாகக் கெடுவது அதுவே. தசை தளர்ந்த தோள்மூட்டு தன் குழியிலிருந்து சிறிது கீழிறங்கித் தொங்கும். அந்த நிலையில் அக்குளில் கைவிட்டுத் தூக்குவது, கையைப் பிடித்து எழுப்புவது, உத்தரத்தில் கயிறும் கப்பியும் கட்டி நல்ல கையால் தளர்ந்த கையை மேலே இழுப்பது ஆகியவை நீண்டகால வலியை உண்டாக்கக்கூடும். கப்பிக் கயிறு நம் வீடுகளில் பலகாலமாகப் புழங்கிவருகிறது, அதைக் கழற்றிவிடும்படி உறுதியாகச் சொல்கிறேன். உருவுகிறவரை அழைத்து வருவதானால் டாக்டரிடம் கேட்டபிறகே அழைத்து வாருங்கள், தோளை முறுக்கவோ இழுக்கவோ விடாதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு அழுத்தி உருவினால் உள்ளே இரத்தம் கட்டும். உட்காரும்போது தளர்ந்த கை மடியிலிருந்து நழுவித் தொங்காமல் தலையணைமேல் இருக்கட்டும்.

கைக்கான பயிற்சி மேசையில் தொடங்குகிறது. துண்டு ஒன்றை மேசைமேல் விரித்து, அதன்மேல் தளர்ந்த கையை வைத்து, நல்ல கையின் துணையோடு முன்னும் பின்னும் தள்ளலாம். விரல் அசையத் தொடங்கியதும் உண்மையான வேலைகளுக்கு மாறுங்கள்: துணிக்கவ்வியை எடுத்துப் போடுதல், காலி டப்பாவை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு வைத்தல், துணி மடித்தல், கச்சான் கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்குதல். உறவினர்கள் வாங்கி வரும் ரப்பர் பந்தைப் பெட்டியில் வைத்துவிடலாம். இறுகும் கைக்குப் பிடிப்பது பெரும்பாலும் எளிது, திறப்பதுதான் கடினம். சிகிச்சையாளர் சொல்லாமல் அதை நாள் முழுக்கப் பிசைவதால் பயன் இல்லை. நல்ல கையை உறையிட்டுக் கட்டி, தளர்ந்த கையையே வேலை செய்ய வைக்கும் முறை, மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு நிமிரக்கூடியவர்களுக்குப் பலன் தருவதை 222 பேரிடம் நடத்தி 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அசைவே இல்லாத கைக்கு அது பொருந்தாது. சிகிச்சையாளர் சொன்னால் மட்டுமே தொடங்குங்கள்.

வலக்கை விழுந்தவர் இடக்கையால் உண்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர் பசியோடு தட்டின்முன் அமர்ந்திருப்பது பயிற்சி நேரமன்று. இடக்கையாலோ கரண்டியாலோ அவர் தாமே உண்ணட்டும். கடைசி நான்கைந்து கவளத்தை வலக்கையால் முயன்று பார்க்கலாம். ஊட்டிவிடுவதைக் கூடுமானவரை தவிருங்கள்.

உடுத்தும்போது சட்டையைத் தளர்ந்த கையில் முதலில் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்றவேண்டும். கைலி முடிய இரு கைகள் வேண்டும் என்பதால், கை தேறும்வரை இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். கைத்தடி நல்ல கையில்தான் இருக்கவேண்டும், தளர்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பதாக எண்ணி அந்தக் கையிலேயே கொடுத்துவிடுகிறவர்கள் பலர். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது தளர்ந்த கால் முன்னே. நடைப்பயிற்சி வீட்டுக்குள் நேர்த்தியான பிறகே முற்றத்துச் சரளைக்கும் புல்லுக்கும் போகலாம்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்கமாட்டார்கள். தட்டின் இடப்பாதிச் சோறு அப்படியே கிடக்கும், கதவில் இடத்தோள் மோதும். இது பிடிவாதமன்று. உடனிருப்பவர் அந்தப் பக்கமாக உட்கார்ந்து பேசி, பார்வையை அங்கே இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

7. பேச்சும் விழுங்குதலும்

சொல் வராதவருக்கு அறிவு போய்விட்டதாகக் கருதிக் குழந்தையிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசுவது வழக்கமாக இருக்கிறது. காது நன்றாகவே இருக்கிறது. சொல்லைத் தேடும் வழிதான் அடைபட்டிருக்கிறது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, பொறுமையாகக் காத்திருங்கள். வாக்கியம் வராத பலருக்கும் எண்களை வரிசையாகச் சொல்லுதல், கிழமைகள், பலகாலம் பாடிய தேவாரம் ஆகியவை தாமாக வந்துவிடுவதுண்டு. பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைத் தெரிவித்தால் அதிலிருந்து அவர் தொடங்குவார். எந்த மொழியில் பயில்வது என்ற கேள்வி எழுந்தால், வீட்டில் பேசும் மொழியை விட்டுவிடாதீர்கள்.

விழுங்குதலில் துணிச்சல் வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்தே உண்ணவேண்டும், உண்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்கக்கூடாது. சாப்பிடும்போது இருமல், நீர் கலந்ததுபோன்ற குரல், இடையிடையே காய்ச்சல் ஆகியவை உணவு நுரையீரலுக்குப் போவதன் அடையாளங்களாக இருக்கலாம். அப்போது நேரில்தான் காட்டவேண்டும்.

8. குறிப்பேடு

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். தேதி, பயிற்சிக்கு முன் இரத்த அழுத்தம், எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார், எங்கே வலித்தது, விழுந்தாரா, தூக்கம் எப்படி என்பவற்றை எழுதுங்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரே நாற்காலி, ஒரே கோணம், ஒரே பயிற்சி என்று பதிவு செய்த காணொளி, தினமும் கூடவே இருப்பவர்களுக்குத் தெரியாத முன்னேற்றத்தையும் சறுக்கலையும் காட்டிவிடும்.

9. மனமும் பராமரிப்பவரும்

பக்கவாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வரமாட்டேன் என்பதும், காரணமில்லாமல் அழுவதும், சாப்பாட்டை ஒதுக்குவதும் அதன் வெளிப்பாடாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் பயனளிப்பவை, டாக்டரிடம் சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் முழுப் பொறுப்பும் மனைவி மேலோ மருமகள் மேலோ விழுகிறது. காணொளி அழைப்பில் சிகிச்சையாளர் பராமரிப்பவரிடமும் இரண்டு நிமிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தோடு, மாதம் ஒரு வார இறுதியில் நேரில் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்வதும் பங்களிப்புதான்.

10. திரைக்கு எட்டாதவையும் உதவித் திட்டங்களும்

தசை இறுக்கத்துக்கான ஊசி, கைக்கான தாங்கிப்பட்டை அளவெடுத்தல், விழுங்குதல் சோதனை, தோள்வலி ஆகியவற்றுக்கு நேரில் போகத்தான் வேண்டும். வாரக்கணக்கில் முன்னேற்றம் நின்றுபோனாலும் நேரில் ஒரு மறுமதிப்பீடு கேளுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் ஒன்றும் தேறாது என்ற பேச்சு பரவலாக இருந்தாலும், வேகம் குறைகிறதே தவிர முன்னேற்றம் அன்றோடு முடிந்துவிடுவதில்லை. 1996இல் தொடங்கப்பட்ட மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கம் ஈப்போவிலும் மையம் நடத்திவருகிறது; பயணம் சாத்தியமாகும் நாட்களில், இதே நிலையைக் கடந்து வந்தவர்களைச் சந்திப்பதற்காகவே அங்கே ஒருமுறை போய் வரலாம்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் சந்தா கட்டி வந்தவர் 60 வயதுக்கு முன் நோயுற்று வேலை செய்ய முடியாமற்போனால், இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி பெற்றவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சியும் உண்டு, அதற்கென மலாக்காவில் பெர்கேசோவின் பெரிய மையம் ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் சம்பளச் சீட்டு வாங்கியவர்கள் அந்தச் சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள். சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவு செய்யலாம். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதாந்திர உதவித்தொகையும் இருக்கிறது. இவற்றுக்கான மருத்துவப் பாரங்களில் நோயாளியால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று டாக்டர் எழுதவேண்டியிருக்கும் என்பதால், பாரத்தை நிரப்பப் போகும் நாளில் அந்தப் பள்ளிக்கூட நோட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.